ஒட்ட மறுத்த மை

ஒரே தகடு, பிரஸ்ஸில் ஒரே ஓட்டம், தாளில் பல நிறங்கள். அச்சோவியம் செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சட்டென விளங்கும். அதற்குமுன் பெரும்பாலும் நிறத்துக்கொரு தகடு வெட்டி, இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிக்க வேண்டியிருந்தது.

1950களில் பாரிஸின் ‘அட்டெலியே 17’ பட்டறையில் இந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் கிருஷ்ணா ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக்காரர், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர், சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பட்டறையை நடத்திய ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் வேதியியல் படித்தவர். முன்பே வரைந்துவைத்த படத்தைத் தகட்டில் நகலெடுப்பது அவருக்குப் பிடிக்காது. கையை அதன் போக்கில் ஓடவிட வேண்டும், விழுந்த கோட்டிலிருந்து படத்தைத் தேட வேண்டும் என்பது அவர் கட்சி.

ரெட்டி அடிப்படையில் சிற்பி. துத்தநாகத் தகட்டை மேடும் பள்ளமுமாகக் குடைவார். ஆளிவிதை எண்ணெய் கூட்டி இளக்கிய மையை முதலில் கெட்டி ரோலரில் எடுத்து உருட்டினால், அது மேடுகளில் மட்டும் படியும். அடுத்து மெத்தென்ற ரோலரில் இறுகலான மை. அழுத்தி உருட்டும்போது ரோலர் பள்ளம்வரை இறங்கும். ஆனால் எண்ணெய் மை ஏற்கெனவே படிந்த இடத்தில் இந்த மை ஒட்டாது. இரண்டு நிறமும் கலக்காமல் அருகருகே நிற்கும். வரிசையை மாற்றி இறுகலானதை முதலில் போட்டால், இளகியது அதன்மேலும் ஏறி ஒட்டிக்கொள்ளும். படமே வேறாகிவிடும்.

மை ஒட்டாமல் போவது சாதாரண அச்சகத்தில் பழுது. துடைத்துவிட்டு மறுபடி மை போடுவார்கள். ரெட்டியும் பட்டறையில் உடனிருந்த கைகோ மோத்தியும் ஹேட்டரும் அது ஏன் ஒட்டவில்லை என்று துருவினார்கள். தற்செயல் எல்லார் பட்டறையிலும்தான் நடக்கிறது. காரணம் தெரிந்தவன் கையில்தான் அது மறுபடியும் நடக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1963-இல் ரெட்டி செய்த ‘சுழல்’ படத்தில் நீரின் ஓட்டம் உருவங்களைக் கரைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால், இதை வெறும் அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இவ்வளவு தெரிந்தும் தகட்டை அவர் முழுதாக அடக்கிவைக்கவில்லை. 1981-இன் ‘மாபெரும் கோமாளி’யை ஒரே தகட்டிலிருந்து விதவிதமான நிறச்சேர்க்கைகளில் எடுத்தார். எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் ரோலர் கொஞ்சம் அழுந்தினாலும் நிறம் வேறாகும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கும் இந்த முறையையே கற்றுக்கொடுத்தார்.