ஒரு தெரு உள்ளே தள்ளி

வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வருகிறார்கள். புரோக்கருக்கும் அதுதான் தோதான நேரம். பள்ளி வேன் ஓடாது, ஆபீஸ் அவசரம் இருக்காது, பக்கத்து மனையில் கம்பி வெட்டும் வேலைக்கும் விடுமுறை. தூங்குமூஞ்சி மர நிழலில் தெரு அப்படியே கிடக்கும். ‘ஊருக்கு நடுவுல இவ்வளவு அமைதியா!’ என்று மனம் நிறைந்துபோய் அன்று மாலையே டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அதே தெருமுனையில் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு ஒரு பத்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி போயிருக்கும்.

பேட்டையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சென்னைக்குக் குடிமாறி வரும் யார் கேட்டாலும் நான் சொல்லும் நாலைந்து இடங்களில் 600028-ம் ஒன்று. ஆனால், ஒரு பேட்டையை மொத்தமாக ‘அமைதியான ஏரியா’ என்று முத்திரை குத்துவதை நான் நம்புவதில்லை. அமைதி தெருவுக்குத் தெரு மாறும், மாடிக்கு மாடி மாறும், மணிக்கு மணி மாறும். வீடு தேடுகிறவர் பார்க்க வேண்டியது பின்கோடை அல்ல, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை.

வடக்கே மந்தைவெளியும் மயிலாப்பூரும், மேற்கே சேமியர்ஸ் சாலையும் போட் கிளப்பும், தெற்கே அடையாறு ஆறு, கிழக்கே முகத்துவாரமும் பட்டினப்பாக்கமும். இந்த நான்குக்கும் நடுவில் இருக்கிறது ராஜா அண்ணாமலைபுரம். ஊடே பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. கால்வாயை ஒட்டியே பறக்கும் ரயில். 2007-ல் வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ படம் வந்த பிறகு இந்த பின்கோடு தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். விசாலாட்சி தோட்டத்துப் பையன்களின் கிரிக்கெட் கதை அது. அந்தப் படத்தில் வரும் சத்தமும் சண்டையும் சிரிப்பும், மரநிழல் பங்களாக்களும் ஒரே அஞ்சல் எல்லைக்குள்தான் இருக்கின்றன.

அமைதி தேடி இங்கே வந்து குடியேறுவது இன்று நேற்று தொடங்கிய வழக்கம் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் பிராடி என்பவர் கோட்டைக்குள் இருந்த நெருக்கடியை விட்டு அடையாற்றங்கரையில் தோட்டத்தோடு மாளிகை கட்டிக்கொண்டார். பிராடி கேஸில் என்று பெயர். அந்த ஆற்றிலேயே படகு கவிழ்ந்து அவர் இறந்துபோனார். மாளிகை இன்றும் நிற்கிறது. ‘தென்றல்’ என்று பெயர் மாறி, அரசு இசைக் கல்லூரி அங்கே நடக்கிறது. ராமகிருஷ்ண மடம் சாலையை அந்தக் காலத்து ஆட்கள் பிராடீஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் குடும்பம் ஆற்றோரம் செட்டிநாடு மாளிகையில் குடிகொண்டது. பேட்டைக்குப் பெயரும் அவருடையதே ஆனது. தோட்ட வீடுகள் மனைகளாயின, மனைகளில் மாடி வீடுகள் வந்தன, இப்போது மாடி வீடுகள் அடுக்ககங்களாகின்றன. வந்தவர்கள் எல்லோரும் தேடியது ஒன்றுதான்: ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஊர் இரைச்சல் காதுக்கு எட்டக் கூடாது.

ஊர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் தாண்டி ஐந்தாவது நிறுத்தம் திருவான்மியூர். டைடல் பார்க் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? எதிர்த்திசையில் ஏறினால் அடுத்த நிறுத்தம் திருமயிலை, அப்படியே போனால் கடற்கரை நிலையம். 29சி பேருந்து பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை ஊரையே தைத்துக்கொண்டு இந்த வழியாகத்தான் போகிறது. காய்கறிக்கு மந்தைவெளி, பங்குனித் தேருக்கும் அறுபத்து மூவருக்கும் கபாலீஸ்வரர் கோயில், மார்கழிக் கச்சேரிக்கு மயிலாப்பூர் சபாக்கள், மாலை போடுகிறவர்களுக்குப் பதினெட்டுப் படியோடு இங்கேயே ஐயப்பன் கோயில். கும்பகோணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ பிள்ளைகளோடு இருக்க வரும் பெரியவர்களுக்கு ஊரை விட்டு வந்த ஏக்கம் பாதி குறைந்துவிடும்.

வசதி என்று மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் உண்டு. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி, பள்ளிக்கு வேன் ஹாரன், ரயிலுக்குத் தடதடப்பு. கால்வாய் ஓரம் மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு ரயில் கிட்டத்தட்ட ஜன்னல் மட்டத்தில் போகும். தரைத்தளத்தில் இருப்பவருக்கு அது தலைக்கு மேலே கடந்துவிடும். ‘மேலே போகப் போக அமைதி’ என்று புரோக்கர் சொல்லும் பொது விதி இங்கே தலைகீழ். மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்கும் ஒரே ஒரு தெரு உள்ளே தள்ளி, நடுவில் நாலு கட்டடம் மறைக்கிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம், பேட்டைக்குப் பேட்டை உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. கடைக்கு மூன்று நிமிஷம் கூட நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் விலை.

2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. சென்னையின் எந்த மெயின் ரோட்டிலும் இந்த எண்களை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், பார்க்கப் போகும் வீட்டுப் படுக்கையறையில் ஜன்னலைத் திறந்து ஒரு தரம், மூடி ஒரு தரம் அளந்து பாருங்கள். துல்லியமாக இருக்காது என்றாலும் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும். இரவு பத்தரைக்கும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டு சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எந்த நேரத்தில் ஓடுகிறது, அது யார் தலைமாட்டில் ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கிரீன்வேஸ் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமைச்சர்கள், நீதிபதிகளின் பங்களாக்கள் இருக்கும் சாலை. அகலம், நிழல், காவல் எல்லாம் உண்டு. சென்னையின் மிக அமைதியான சாலைகளில் ஒன்று என்று யாரும் சொல்வார்கள். ஆனால், 2017 பிப்ரவரியில் ஓ.பன்னீர்செல்வம் ஜெயலலிதா சமாதியில் தியானத்தில் அமர்ந்த இரவுக்குப் பிறகு, இதே சாலையிலிருந்த அவர் வீட்டு முன்பு நாள் கணக்கில் கூட்டம், தொலைக்காட்சி வண்டிகள், கோஷம். இப்போது அதே சாலையின் பெயரில் மெட்ரோ நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடத்துக்காக, அடையாறு ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் 2023-ல் இங்கிருந்துதான் இறக்கப்பட்டது. மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் தடுப்புகள், மாற்றுப் பாதைகள். முன்பு வண்டியே வராத உள்தெருக்களுக்குள் மெயின் ரோட்டுப் போக்குவரத்து திருப்பிவிடப்பட்டது. ரயில் ஓடத் தொடங்கினால் இந்தப் பேட்டையின் வசதி பல மடங்காகும், வாடகையும் ஏறும். அதுவரை, வீட்டுத் தெரு மாற்றுப்பாதையா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு அழகாகவே இருக்கும். பக்கத்து மனையில் பழைய பங்களா பூட்டிக் கிடக்கிறது, மாமரம் நிற்கிறது, காக்கை குயில் சத்தம் தவிர வேறில்லை. அதைப் பார்த்துத்தான் மனசு விழும். இந்தப் பேட்டையில் அப்படிப்பட்ட வீடு ரொம்ப நாள் நிற்பதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் காலமானதும் ஜாயின்ட் வென்ச்சர். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனைப்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு என்றிருந்த கட்டுமான அளவை இரண்டு மடங்காக உயர்த்தின. இடித்துக் கட்டுவதில் லாபம் கூடிவிட்டது. இடிக்கத் தொடங்கினால் இரண்டு வருஷத்துக்கு பிரேக்கரும் கான்கிரீட் லாரியும்தான். ஆகவே பூட்டிய பங்களாவுக்குப் பக்கத்து வீட்டைவிட, நாலைந்து வருஷத்துக்கு முன் கட்டி முடித்த அடுக்ககத்துக்குப் பக்கத்து வீடு மேல். அழகு குறைவுதான், ஆனால் அங்கே இடிக்க எதுவும் மிச்சமில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ராத்திரி முழுக்க லாரி வந்து நின்று குழாய் இழுத்துத் தண்ணீர் இறக்கிய தெருக்களில் யார் தூங்கினார்கள்? போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் எந்த நாள் எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப் எத்தனை லிட்டர் பிடிக்கும், மழைநீர் சேகரிப்பு குழாய் உண்மையிலேயே கிணற்றுக்குள் இறங்குகிறதா, இல்லை சாலைக்குப் போகிறதா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் தெரியும். மழைநீர் சேகரிப்புக்காகவே சேகர் ராகவன் 2002-ல் தொடங்கிய ‘மழை இல்லம்’ பக்கத்திலேயே மந்தைவெளிப்பாக்கத்தில் இருக்கிறது. மாதிரிகளை வைத்துப் புரியவைக்கிறார்கள்.

அதிகமான தண்ணீரும் கவலைதான். 2015 டிசம்பர் முதல் வாரம் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு கரை மீறியபோது, கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகள் மூழ்கின, ஆற்றோரப் பங்களாக்களும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரமே தண்ணீரில் நின்றது. ஆற்றையோ கால்வாயையோ பார்த்தபடி வீடு என்றால், சுவரில் பெயின்ட்டுக்கு அடியில் தண்ணீர்க் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். 2015-ல் எதுவரை வந்தது என்று இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டால் முழங்காலைத் தொட்டோ இடுப்பைத் தொட்டோ காட்டுவார்.

வாடகை விஷயம் சுருக்கமாக. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பலர் இன்னும் பதினோரு மாதப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற டூலெட் போர்டு மயிலாப்பூர், மந்தைவெளிச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் தொங்குகிறது. சாப்பாட்டைக் கேட்பதுபோல் சாதியையும் மதத்தையும் கேட்டு அறியும் போர்டு அது. ஒரு தகுதியும் குறையாத குடும்பங்கள் இதனால் வீடு வீடாக ஏறி இறங்குவதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. அந்த போர்டு தொங்கும் தெருவில் எவ்வளவு நிசப்தம் இருந்தாலும் அதை நல்ல இடம் என்று என்னால் சொல்ல முடியாது.

மேலே இஸ்திரி வண்டிக்காரரைச் சொன்னேன். ராஜா அண்ணாமலைபுரத்தின் வசதி என்று நாம் கொண்டாடுவதில் பாதி அவரைப் போன்றவர்கள்தான். மரத்தடியில் நாலு சக்கர வண்டி, கரி போட்ட பெட்டி, ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம். பழைய போர்வையில் கட்டிய துணி மூட்டைகளில் எது எந்த வீட்டுடையது என்று சீட்டு எழுதாமலே அவருக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குப் பூ வைக்கிறவர், பாத்திரம் தேய்த்துச் சமைத்து வைக்கிற அக்கா, பெரியவரை டாக்டரிடம் கூட்டிப்போகிற ஆட்டோ அண்ணன், எல்லோரும் நடந்து வருகிற தூரத்தில் கால்வாய் ஓரம் குடியிருந்தார்கள்.

2022-ல், உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் தொடர்ச்சியாக, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்கும் வேலை தொடங்கியது. பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். இடிப்பின் நடுவே முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். மாற்று வீடு என்று காட்டப்பட்டது பெரும்பாக்கம் போன்ற இடங்களில், ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு அப்பால். அந்த மரணத்துக்குப் பிறகு, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் குடியிருப்புகளில் இடம் தரப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

குடிமாறுவது என்றால் நமக்கு ஜன்னல், மாடி, அட்வான்ஸ் என்று தேர்ந்தெடுக்க ஆயிரம் இருக்கிறது. அவர்களுக்குக் குலுக்கலில் ஒரு பிளாக் எண் வரும். பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பப்பட்ட பெண்கள் பலர், வீட்டு வேலைக்கு வந்துபோகும் பஸ் செலவும் நேரமும் கட்டுப்படியாகாமல் பழைய வேலையை விட்டிருக்கிறார்கள். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரியும் அங்கே இல்லை. இந்தப் பேட்டையில் குடியிருப்போர் நலச் சங்கம் விழிப்போடு இயங்குகிறது, ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ 1994 முதல் வாராவாரம் தெருச் செய்திகளை எழுதுகிறது. குப்பைக்கும் தெருவிளக்குக்கும் குரல் கொடுக்கும் அந்த இடங்களில், மயிலாப்பூருக்குள்ளேயே வீடு என்று சொன்ன வாக்கு என்னவாயிற்று என்ற கேள்வியையும் புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்க வேண்டும். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட முதல் மாதத்திலேயே கேட்கலாம்.