தச்சு வைஸுக்கு எண்ணெய் ஏன் ஆகாது?

பழைய மரவேலை வைஸ் இறுகிவிட்டால் எண்ணெய்க் குப்பியைத் தேடுவது மனித சுபாவம். ஆனால், மற்ற இயந்திரங்களுக்கு அமிர்தமாகிய அந்த எண்ணெயே, மரத்தூள் இடைவிடாது உதிரும் தச்சுமேசையில், தூளைப் பற்றிக் களிம்பாகக் குழைந்து, நாளடைவில் திருகின் மரைகளை அடைத்துவிடுகிறது. அன்றியும், திருகு மெல்லச் சுழன்று பெரும்பாரம் தாங்குவதால், எண்ணெய்ப் படலம் உலோகங்களுக்கிடையே நிலைக்காமல் பிதுங்கி வெளியேறுகிறது. ஆகவே, மண்ணெண்ணெய் தோய்த்த கம்பி பிரஷ்ஷால் பழைய அழுக்கைக் களைந்து, உலர்த்தியபின், பாரஃபின் மெழுகையோ கிராஃபைட் பொடியையோ பூசுவதே உசிதம். கிராஃபைட்டின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குகின்றன, தூளும் அவ்வளவாக ஒட்டுவதில்லை. (ஆயினும் அது கையையும் மரத்தையும் கருப்பாக்கும், எனக்கு மெழுகே பிரியம்.) திருகைச் சட்டென்று விடுவிக்கும் நெம்புகோல் கொண்ட வைஸில், மரையைக் கவ்வும் அரை நட்டின் பள்ளங்களைச் சுத்தம் செய்யாவிடில், பிடி முழுதும் பொருந்தாமல் நழுவும்.