கதை நின்று பாத்திரம் பேசும் இடம்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலும் அதையடுத்த செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களிலும் திரௌபதியம்மன் கோயில் விழாக்களின்போது, பாரதப் பிரசங்கம் எனப்படும் கதை விரிவுரை பகலில் நிகழ, அதே கதையை இரவில் தெருக்கூத்துக் கலைஞர்கள் விடியும்வரை ஆடிக்காட்டுவதால், கூத்துக்களத்தில் அமர்ந்திருப்போரில் கர்ணன் மடிவான் என்பதை அறியாதவர் எவருமில்லை. முடிவு தெரிந்த கதைக்காக ஊரே கண்விழித்திருப்பதற்குப் பாத்திரத்தின் மீதுள்ள ஈர்ப்பே காரணம் என்பதைக் கூத்தின் அமைப்பே காட்டுகிறது. வேடக்காரர், இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடி, சிறிது சிறிதாக வெளிப்பட்டு, கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் கேள்விகளுக்கு விடையாகத் தம் பெயரையும் பெருமையையும் கூறி முடிக்கும்வரை கதை ஓரடியும் நகர்வதில்லை.

இதன் உச்சத்தைக் 'கர்ண மோட்சம்' கூத்தில் காணலாம். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறச் செல்ல, அவளோ அவனைத் தேரோட்டி மகன் என்று இகழ்கிறாள்; வியாச பாரதத்தில் இல்லாத இப்பெண்ணுடன் அவன் நிகழ்த்தும் நீண்ட தர்க்கம் போரின் முடிவை அணுவளவும் மாற்றுவதில்லை என்றாலும், கொடைவீரன் என்ற புகழுக்கு அடியில் பிறப்பால் காயப்பட்ட மனிதன் ஒருவன் இருப்பதை அதுவே வெளிக்கொணர்கிறது.

ஜப்பானிய அசைவூட்டப் படைப்புகளான அனிமேக்களிலும் இதே நிலையைக் காணலாம், ஏனெனில் அவற்றுட் பல மாங்கா எனப்படும் படக்கதைகளிலிருந்து எடுக்கப்படுவதால் ரசிகர் பலர் முடிவை முன்பே அறிந்திருக்கின்றனர். 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலிலும் திரைக்கு வந்த 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படத்தின் மூலக்கதை 2020-லேயே நிறைவடைந்துவிட்டது. அதில் அகாசா என்னும் அரக்கனுடனான போர் உச்சத்தை எட்டும்போது படம் சண்டையை நிறுத்திவிட்டு, நோயுற்ற தந்தையின் மருந்துக்காகத் திருடிய சிறுவனாக அவன் இருந்த காலத்துக்குத் திரும்புகிறது. இத்தகைய பின்னோக்குக் காட்சிகள் விறுவிறுப்பைக் கெடுக்கின்றன என்ற குறை நியாயமானதன்று. அவற்றை நீக்கினால் எஞ்சுவது வெறும் வாள்வீச்சே.

துன்பியல் நாடகத்தின் உயிர் கதைப்பின்னலே என்றும், பாத்திரம் அதற்கு அடுத்ததே என்றும் அரிஸ்டாட்டில் வகுத்தார். அந்த வரிசையைக் கூத்தும் அனிமேயும் மாற்றியமைத்தாலும் பின்னலைக் கைவிடுவதில்லை. போர்க்களம் காத்திருப்பதாலேயே பொன்னுருவியின் ஒவ்வொரு சொல்லும் கர்ணனைச் சுடுகிறது, அவளுக்கு விடைசொல்ல அவனுக்கு வேறொரு நாள் இல்லை.