எல்லைக்கு அப்பால் அழகுச் சிகிச்சை

ஜித்ராவிலிருந்து வடக்கே புக்கிட் காயு ஹீத்தாம். எல்லையைக் கடந்தால் தாய்லாந்து, பின்னர் ஹாட்யாய் நகரம். மூக்கைத் திருத்தவும் கொழுப்பை நீக்கவும் அப்பக்கம் செல்வோர் நம்மிடையே உளர். கேட்டால், செலவு குறைவு என்பர். அத்தொகை எதற்குரியது என்பதே கேள்வி. அறுவைக்கு உரியதாகலாம், வீடு திரும்பியபின் புண் சீழ்பிடித்தால் ஆகும் செலவு அதில் பெரும்பாலும் அடங்காது.

எல்லை அருகில் இருப்பது மட்டும் காப்பாகாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை ஒட்டியதே மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகர். 2023-இல் அங்கே இரு சிகிச்சை நிலையங்களில் அழகுக்காக அறுவை செய்துகொண்ட அமெரிக்கர் சிலருக்கு, முதுகில் போட்ட உணர்விழப்பு ஊசியைத் தொடர்ந்து, பூஞ்சணம் மூளையுறையைத் தாக்கியது. 12 பேர் மாண்டனர். ஊர் திரும்பியபின் வெறுந் தலைவலியாகவும் அந்நோய் தொடங்கியதுண்டு. அக்கரையில் நடந்ததை நாம் சொன்னாலன்றி உள்ளூர் மருத்துவர் எங்ஙனம் அறிவார்?

தாய்லாந்து மருத்துவரைக் குறைகூறுவது என் கருத்தன்று; அங்குள்ள மருத்துவமனைகளுட் சில உலகப் புகழ் பெற்றவை. அறுவை செய்பவர், மயக்கமருந்து கொடுப்பவர் ஆகிய இருவர் பெயரையும் முன்னரே கேட்டு, அந்நாட்டு மருத்துவ மன்றத்தில் பதிவுண்டா எனப் பார்த்தல் வேண்டும். புறப்படுமுன் அறுவைக் குறிப்பை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குக. தாய் எழுத்தை அலோர் ஸ்டாரில் யார் படித்துச் சொல்வார்?