சென்னை அரசு கூண்டில் நின்ற காலம்

சட்டமும் சாமானியரும் – 9

உச்ச நீதிமன்றத்தின் முதல் இரண்டு மூன்று ஆண்டுத் தீர்ப்புகளைப் புரட்டினால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம். ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம். சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன். சென்னை மாநிலம் எதிர் வி.ஜி.ராவ். பேச்சுரிமைக்கு எல்லை எது, தனிமனித சுதந்திரம் என்றால் என்ன, இட ஒதுக்கீட்டுக்கு இடம் உண்டா, சங்கம் வைக்க யார் அனுமதி வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தியா முதன்முதலில் விடை தேடியது நம் அரசாங்கத்தின் உத்தரவுகளை வைத்துத்தான். கேசவானந்த பாரதி வழக்கைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இந்த நான்கும் சட்டக் கல்லூரி மாணவர்களோடு நின்றுவிட்டன. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

வழக்குகளுக்குள் போகும் முன் அந்த நீதிமன்றத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். டெல்லி திலக் மார்க்கில் இன்று பார்க்கிற கட்டிடத்துக்கு உச்ச நீதிமன்றம் குடிபோனது 1958-ல்தான். 1950 ஜனவரி 28 அன்று அது தொடங்கப்பட்டது நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள். வெள்ளையர் காலத்தில் சுதேச மன்னர்களின் சபை கூடிய மண்டபம் அது. 1937 முதல் பெடரல் கோர்ட்டும் அங்கேதான் நடந்தது. ஆக, சட்டம் இயற்றுகிறவர்களும் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லக்கூடியவர்களும் எட்டு ஆண்டுகள் ஒரே வட்டக் கட்டிடத்தில் இருந்தார்கள். இன்று 34 நீதிபதிகளுக்கு அனுமதி இருக்கிறது. அன்று எட்டுப் பேருக்கு அனுமதி, பதவியில் இருந்தவர்கள் ஆறே பேர். தலைமை நீதிபதி ஹரிலால் கனியா. அவரோடு பசல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மெஹர் சந்த் மகாஜன், பி.கே.முகர்ஜி, எஸ்.ஆர்.தாஸ். இவர்களில் இரண்டு பெயர்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பசல் அலி. பிற்பாடு மாநில மறுசீரமைப்புக் கமிஷனின் தலைவராகி, தேவிகுளம், பீர்மேடு விவகாரத்தில் தமிழர் வாயில் அடிபட்ட அதே பசல் அலி. இன்னொருவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. பச்சையப்பன் கல்லூரி சமஸ்கிருத பண்டிதரின் மகன்.

1950 மார்ச் 1. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு தேதியில் சென்னை அரசு இரண்டு உத்தரவுகளைப் போட்டது. அப்போது முதலமைச்சர் குமாரசாமி ராஜா. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கைதிகள் செத்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. முதல் உத்தரவு, ஏற்கெனவே சிறையில் இருந்த ஏ.கே.கோபாலனைப் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் தொடர்ந்து அடைத்துவைப்பதற்கு. இரண்டாவது, பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகை சென்னை மாநிலத்துக்குள் நுழையவும் விற்கவும் தடை.

கோபாலன் கண்ணூர்க்காரர், மலபார் அன்று சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 1947 டிசம்பரிலிருந்தே அவர் காவலில் இருந்தார். சுதந்திரம் வந்து நான்கு மாதத்தில் உள்ளே போனவர். இடையில் விதிக்கப்பட்ட தண்டனைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தன. ஆனாலும் ஆள் வெளியே வரவில்லை. தண்டனை இல்லாவிட்டால் என்ன, தடுப்புக் காவல் உத்தரவு இருக்கிறதே! அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். வாதாடியவர் எம்.கே.நம்பியார், பின்னாளில் அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே.வேணுகோபாலின் தந்தை. ஆறு நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

நம்பியாரின் வாதம் எளிமையானது. சட்டத்தில் சொன்ன நடைமுறைப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 21-வது பிரிவு. அந்த நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். நாடாளுமன்றம் ஏதோ ஒரு நடைமுறையை எழுதிவைத்தால் போதுமா? போதும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள், 1950 மே 19 அன்று. அவர்கள் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போயிருந்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். நியாயமான நடைமுறை என்ற அமெரிக்கப் பாணி உத்தரவாதம் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்று அவர் எச்சரித்தார். வரைவுக் குழு அதை ஏற்றுப் பிரிவின் வாசகத்தையே மாற்றியது. தெரிந்தே எடுத்துவிட்டதை நாங்கள் எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று நீதிபதிகள் நினைத்ததில் தர்க்கம் இருக்கிறது. நியாயம் இருந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

பசல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. நடைமுறை என்று ஒன்று இருந்தால் அதில் குறைந்தபட்சம் சில விஷயங்கள் இருந்தாக வேண்டும் என்றார். குற்றம் இன்னது என்று ஆளுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் பேச வாய்ப்பளிக்க வேண்டும், விசாரிப்பவர் பாரபட்சம் இல்லாதவராக இருக்க வேண்டும், விசாரணை முறைப்படி நடக்க வேண்டும். தனித்து நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பு அது.

கோபாலன் தோற்றார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். முழுக்கத் தோற்கவில்லை. அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தின் 14-வது பிரிவைப் பாருங்கள். நீ ஏன் உள்ளே இருக்கிறாய் என்று அரசு கைதிக்கு ஒரு காகிதம் கொடுக்கும். அந்தக் காகிதத்தில் இருப்பதை அவர் நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்குத் தனித் தண்டனை. நீதிமன்றமும் அதைக் கேட்டு வாங்கக் கூடாது. ஆக, கோபாலன் தான் அடைபட்டிருக்கும் காரணத்தையே சொல்ல முடியாமல், அந்தக் காரணம் தவறு என்று வாதாட வேண்டியிருந்தது. இந்த ஒரு பிரிவு செல்லாது என்பதில் ஆறு நீதிபதிகளுக்குள்ளும் கருத்து வேறுபாடு இல்லை. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் வெட்டி எறிந்தது அங்கே தொடங்கியது. சிறைக்குள்ளிருந்து ஒரு கைதி போட்ட மனுவால் நடந்தது அது.

சரியாக ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, ‘கிராஸ் ரோட்ஸ்’ வழக்கில் தீர்ப்பு. பத்திரிகையின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். பிற்பாடு ‘செமினார்’ இதழைத் தொடங்கியவர், வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரின் அண்ணன். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார். சென்னை அட்வகேட் ஜெனரல் ராஜா ஐயர் எடுத்த எடுப்பில் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்: முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டல்லவா இங்கே வர வேண்டும்? நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவதே ஓர் அடிப்படை உரிமைதான் என்றார்கள். இன்று எந்த மூலையிலிருந்தும் ஒரு குடிமகன் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார் என்றால், அந்த வழியைத் தெளிவாக்கிக் கொடுத்தது இந்த வழக்கு.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. அன்றிருந்த 19-வது பிரிவின்படி, அரசின் பாதுகாப்புக்கே ஊறு விளைவிக்கும் பேச்சைத் தடுக்கலாம். அவதூறு, ஆபாசம், நீதிமன்ற அவமதிப்பைத் தடுக்கலாம். பொது ஒழுங்கு என்ற காரணம் பட்டியலிலேயே கிடையாது. சென்னைச் சட்டமோ பொது ஒழுங்கின் பெயரால் பத்திரிகையைத் தடுக்க அதிகாரம் கொடுத்தது. எனவே செல்லாது. இதே நாளில் ஆர்.எஸ்.எஸ். சார்பான ‘ஆர்கனைசர்’ இதழின் மீது டெல்லி நிர்வாகம் போட்ட முன்தணிக்கை உத்தரவும் ரத்தானது. இடதுசாரிப் பத்திரிகைக்கும் வலதுசாரிப் பத்திரிகைக்கும் ஒரே நாளில் விடுதலை.

இந்த முறையும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் பசல் அலி. ஆனால் இம்முறை அவர் நின்றது அரசாங்கத்தின் பக்கம். பொது ஒழுங்கு கெட்டால் அரசின் பாதுகாப்பும் கெடும், இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அவர் நிலை. கோபாலனுக்காக ஒரு வாரம் முன்பு நின்றவர், பத்திரிகைக்குக் கைகொடுக்கவில்லை. கோபாலனை உள்ளேயே விட்ட பதஞ்சலி சாஸ்திரி, பத்திரிகைக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார். நீதிபதிகளை ‘தாராளவாதி’, ‘பழமைவாதி’ என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்த ஒரு வாரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். இதில் வியப்பு என்னவென்றால், பசல் அலி எழுதிய இரண்டு மாறுபட்ட தீர்ப்புகளுமே பின்னால் வென்றன. ஒன்று ஓராண்டில், இன்னொன்று இருபத்தெட்டு ஆண்டில்.

ஓராண்டில் வென்ற கதையைச் சொல்ல, நம் மாணவர் சேர்க்கை வழக்குக்கு வர வேண்டும். கம்யூனல் ஜி.ஓ. என்று எல்லோரும் சொன்ன வகுப்புவாரி ஆணை நீதிக்கட்சிக் காலத்து வேரிலிருந்து வந்தது. 1928-ல் அமைச்சர் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1950-ல் இருந்த கணக்குப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்–கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்காகவும், சீனிவாசன் என்ற மாணவர் பொறியியல் கல்லூரிக்காகவும் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாட எழுந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு உட்கார்ந்து எழுதியவரே, அது நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், அதைக் கையில் பிடித்துக்கொண்டு தம் மாநில அரசை எதிர்த்து நின்றார்.

உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புக்குள் ஒரு செய்தி இருக்கிறது: செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தாராம், இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், வழக்குக்கு வந்துவிட்டார். இதை நீதிபதிகளே குறிப்பிடுகிறார்கள். அரசு ஆட்சேபிக்காததாலும், வழக்கு வென்றால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குவதாக ஏற்றுக்கொண்டதாலும் இதைப் பெரிதாக்கவில்லை, ஆனால் விண்ணப்பிக்காத ஒருவர் உரிமை பறிபோனதாக வருவதை நாங்கள் அங்கீகரித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகளின் படிப்பைத் தொடும் ஓர் ஆணை, இப்படிப்பட்ட மனுவின் பேரில் விழுந்திருக்கிறது.

விழுந்ததற்குக் காரணம் அரசியலமைப்பிலேயே இருந்த ஓர் இடைவெளி. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு ஒதுக்க 16-வது பிரிவில் வெளிப்படையாக வழி வைத்தவர்கள், கல்விக்கு அப்படி ஒரு வரி எழுத மறந்துவிட்டார்கள். அதே ஏப்ரல் 9 அன்று, மாவட்ட முன்சீப் பதவிகள் பற்றிய வெங்கடரமணா வழக்கில், ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் இருந்த ஒதுக்கீடு தப்பியதற்குக் காரணமும் அந்த வரிதான். வேலையில் செல்லும், படிப்பில் செல்லாது. படிக்காமல் வேலைக்கு எப்படிப் போவது?

தமிழகம் கொந்தளித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். ஊர் ஊராகக் கூட்டமும் கண்டனமும். 1951 மே மாதம் நேரு முதல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, சென்னையில் நடந்ததை நாடாளுமன்றத்தில் சொல்லியே பேசினார். சட்ட அமைச்சர் அம்பேத்கர் அந்த இரண்டு தீர்ப்புகளும் தமக்குத் துளியும் திருப்தி தரவில்லை என்று அவையிலேயே சொன்னார். ஜூன் 18 அன்று திருத்தம் சட்டமானது. பிற்படுத்தப்பட்டோரின் கல்விக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அப்படித்தான் பிறந்தது. இந்த வெற்றியை நாம் கொண்டாடுகிறோம்; கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அதே திருத்தத்தில்தான், ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீதிமன்றம் இல்லை என்று சொன்ன ‘பொது ஒழுங்கு’, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணமாக உள்ளே வந்தது. பசல் அலியின் கருத்தை நாடாளுமன்றம் சட்டமாக்கிவிட்டது. இன்று எந்த எழுத்தாளர் மீதும், எந்தக் கேலிச்சித்திரக்காரர் மீதும் வழக்குப் போடும்போது முன்னால் வந்து நிற்பது இந்தச் சொல். சமூகநீதிக்கு வழி திறந்ததும் பேச்சுக்கு வேலி போட்டதும் ஒரே காகிதம். இதை நிறைவேற்றியது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபையும் அல்ல. முதல் பொதுத்தேர்தல் அதற்குப் பிறகுதான் நடந்தது. அரசியலமைப்பை எழுதிய அதே இடைக்கால நாடாளுமன்றம் பதினேழு மாதம் முடிவதற்குள் அதைத் திருத்தியது. அந்த அவசரத்தை, 15(4) மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும், என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் தனித்தனி மசோதாவாகக் கொண்டுவந்திருக்கலாம்.

ஒரு நல்லது நடந்தது. விவாதத்தின்போது, பேச்சுக்குப் போடும் கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. எது நியாயம் என்று பார்க்கும் வேலை நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. அதற்கு அளவுகோல் கொடுத்ததும் ஒரு சென்னை வழக்கே. வி.ஜி.ராவ் சென்னையில் பாரிஸ்டர். அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கம், அரசியல் நூல்களை வெளியிடுவது, விவாதம் நடத்துவது என்று பதிவுபெற்று இயங்கியது. 1950 மார்ச் 10 அன்று அரசு ஒரே உத்தரவில் அதைச் சட்டவிரோதம் என்றது. 1952 மார்ச் 31 அன்று, அப்போது தலைமை நீதிபதியாகியிருந்த பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பளித்தார். பறிக்கப்படும் உரிமை எத்தகையது, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, தீமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா, அன்றைய சூழல் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். சென்னை அரசின் சட்டத் திருத்தம் தேறவில்லை. எழுபது ஆண்டு தாண்டியும் வழக்கறிஞர்கள் அந்தப் பத்தியைத்தான் நீதிமன்றத்தில் படிக்கிறார்கள்.

கோபாலனுக்கு வருவோம். அவர் சிறையிலிருந்து வெளியே வந்து, கண்ணூரில் வென்று, முதல் மக்களவையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களுக்குத் தலைமை தாங்கினார். தடுப்புக் காவலைப் பற்றிய அந்தத் தீர்ப்பு கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆயிரக்கணக்கானோரை உள்ளே தள்ளியபோதும் அதன் நிழல் இருந்தது. 1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மறுநாள் கோபாலன் காலமானார். பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25 அன்று, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமான நடைமுறையாகத்தான் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்பியார் 1950-ல் கேட்டதும் பசல் அலி எழுதியதும் அதுதான். 2017-ல் அந்தரங்க உரிமை பற்றிய தீர்ப்பில் நீதிபதி நாரிமன் மூன்று மகத்தான மாறுபட்ட தீர்ப்புகளைக் குறிப்பிட்டார், முதலாவது பசல் அலியின் இந்தத் தீர்ப்பு.

முதல் திருத்தம் செல்லுமா என்று கேட்டு அப்போதே ஒரு வழக்கு வந்தது. நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகளையே திருத்தலாமா என்பது கேள்வி. 1951 அக்டோபர் 5 அன்று, திருத்தலாம் என்று ஐந்து நீதிபதிகளின் சார்பில் தீர்ப்பு எழுதியவர் யார் தெரியுமா? எந்தப் பேச்சுரிமைத் தீர்ப்பை முறியடிக்க அந்தத் திருத்தம் வந்ததோ, அதை எழுதிய அதே பதஞ்சலி சாஸ்திரி. சங்கரி பிரசாத் வழக்கு என்ற அந்த வழக்கையும், அந்தத் திருத்தத்தோடு சேர்ந்து வந்த ஒன்பதாவது அட்டவணையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)