மாடி வீட்டில் ஒரு கறிவேப்பிலை

தோட்டப்புற லயத்து வீடுகளின் பின்புறம் கறிவேப்பிலையும் முருங்கையும் மண்ணிலேயே வளர்ந்தன. தொட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தபின், அந்தக் கறிவேப்பிலை அடுக்குமாடிப் பால்கனிக்கு வந்து சேர்ந்தது. பல வீடுகளில் அது பிழைக்கவில்லை. "எனக்குக் கைராசி இல்லை" என்பார்கள் அம்மாமார்கள். பெரும்பாலும் குறை கையில் இல்லை, திசையில்தான்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே உள்ளது. ஆகவே ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடபுறம் நிற்கிறது. மற்ற மாதங்களில் தென்புறம். தெற்குப் பார்த்த பால்கனியில் டிசம்பரில் தழைத்த செடி ஜூனில் வாடுவது இதனால்தான். எதிரே வேறு மாடி மறைக்காவிட்டால், கிழக்கு, மேற்குப் பால்கனிகளுக்கு ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் கிடைக்கும். கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் அந்த இடமே ஏற்றது. வெயில் எட்டாத கூடத்துக்கு மருளோ மணி பிளாண்டோ போதும். செடி வாங்குமுன் கைப்பேசியின் திசைகாட்டியை ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது தொட்டி. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு மண்தொட்டியை மறக்கலாமா? அதன் சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் நம் அடைமழையிலும் வேர் எளிதில் அழுகாது. ஆனால் கனம் அதிகம். ஈரமண் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேல் இருக்கும். அதைத் தரையில்தான் வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் கூடவே கூடாது. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடி ஒன்றில் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. தொட்டி நாற்காலியைவிட இலேசானதா?

தொட்டியின் அடித்தட்டையும் கவனியுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். நீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். முட்டைகளோ தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது தட்டை மணலால் நிரப்பிவிட வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கலாம். விடுதி அறையில் புட்டித் தண்ணீரில் மணி பிளாண்ட் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதை மண்ணுக்கு மாற்றினால் இலையும் பெரிதாகும்.