900 கிலோவாட் சுயம்வரம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெற்று நிலமொன்றில் புதிய ஆலை எழுகிறது. இரண்டு நிறுவனங்களின் மின்கம்பிகள் அருகிலேயே போகின்றன. இணைப்புக் கொடுக்கும் உரிமை யாருக்கு?

இந்தப் போட்டி வந்த கதையே விசித்திரமானது. ஒரு காலத்தில் அங்கே கிராமங்களுக்குக் கம்பி இழுக்கத் தனியார் நிறுவனங்கள் முன்வரவில்லை. மைல்கணக்கில் கம்பம் நட்டாலும் சில வீடுகள்தான் கிடைக்கும். 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ஊரக மின்மயமாக்கலுக்குத் தனி நிர்வாகம் அமைத்துக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் தான் தங்கிய குடிலில் நியூயார்க் வீட்டைப்போல் நான்கு மடங்கு மின்கட்டணம் கட்டியதுதான் தன்னைச் சிந்திக்கவைத்தது என்று, 1938-ல் பார்ன்ஸ்வில்லில் ஒரு சங்கத்தின் விழாவில் ரூஸ்வெல்ட்டே சொன்னார்.

பிறகு அட்லாண்டா நகரம் வீங்கியது. யாருக்கும் வேண்டாதிருந்த வயல்வெளி புறநகரானது. இப்போது எல்லோருக்கும் அந்த நிலம் வேண்டும். ஒரே தெருவில் இருவர் கம்பம் நட்டால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறாது. அந்தச் சுமை கடைசியில் மக்கள் தலையில்தான் விழும்.

இதைத் தடுக்க 1973-ல் வந்த சட்டம் மாநிலத்தையே வரைபடத்தில் பிரித்தது: எந்த நிலம் எந்த நிறுவனத்துக்கு என்பது பெரும்பாலும் வாடிக்கையாளர் வருமுன்பே எழுதியாயிற்று. ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். புதிய வளாகத்தின் மின்பளு 900 கிலோவாட்டோ அதற்கு மேலோ இருந்தால், எல்லை எதுவானாலும் வாடிக்கையாளரே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சுயம்வரம்போல ஒரே ஒரு முறை. மாலை போட்டபின் நினைத்தபோதெல்லாம் மாற முடியாது.

வளாகத்தின் மின்பளு உண்மையிலேயே 900-ஐ எட்டுகிறதா என்பதில்தான் வழக்குகள் பிறக்கின்றன. இங்கே மின்பளு என்பது ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரம் அல்ல. பொருத்தப்பட்ட கருவிகளின் திறன்களைக் கூட்டிவரும் தொகை. ஒன்றரை கிலோவாட் ஏசிகள் 600 இருந்தால் கணக்கு நிறைந்துவிடும், அத்தனையும் ஒருசேர ஓடாவிட்டாலும். கருவிகள் மெய்யாகவே தேவையா, எண்ணைத் தொடுவதற்காகச் சேர்த்தவையா? கட்டடம் புதியதா, பழையதன் மறுபிறப்பா? இப்படிப்பட்ட கேள்விகளோடு நிறுவனங்கள் மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தின் முன் நிற்கின்றன.

என்னை வியக்கவைப்பது இதற்கு அடியில் இருக்கும் இயற்பியல். மின்னோட்டம் திறந்திருக்கும் எல்லா வழிகளிலும் பிரிந்து பாயும். தடை குறைந்த வழியில் கூடுதலாக. எந்த எலெக்ட்ரான் யாருடையது என்று பிரிக்கவே இயலாது. அங்கே உயரழுத்தக் கம்பிகளை ஜார்ஜியா பவர் நிறுவனம், கூட்டுறவுகளின் மின்தொடர் கழகம், நகராட்சிகளின் மின் அமைப்பு, டால்டன் நகரம் ஆகிய நால்வரும் ஒரே வலையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெருவழியைப் பங்கிட்டுக்கொண்டதால், கடைசித் துண்டுக் கம்பிக்கு மட்டும் நியாயமாகப் போட்டியிட முடிகிறது. வெற்றி பெற்றவர் புதிதாக ஒரு மின்வலை கட்ட வேண்டியதில்லை. அருகிலுள்ள துணை மின்நிலையத்திலிருந்து இணைத்தால் பெரும்பாலும் போதும்.

இன்று அங்கே குவியும் தரவு மையங்களுக்கு 900 கிலோவாட் மிகச் சிறிய எண். அவற்றில் பல, நூறு மெகாவாட்டுக்கும் மேல் கேட்கின்றன. அவை தேர்ந்தெடுப்பதும் அதே 1973 சட்டத்தின் வாசல் வழியாகத்தான்.